முசாஷி உண்மையிலேயே தாமதமாகத்தான் வந்தாரா?

மதுரை மாஸ்டர் (கேள்வி)

வணக்கம். மதுரையில் பதினைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கராத்தே கற்றுக்கொடுக்கிறேன். மாலை வகுப்பு முடிந்ததும், விரிப்பைச் சுருட்டுவதற்கு முன், ஐந்து நிமிடம் ஒரு கதை சொல்வது வழக்கம். நான் அதிகம் சொன்ன கதை ஜப்பானிய வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியின் கதைதான்.

1612ஆம் ஆண்டு. நீரிணையின் நடுவே ஒரு சின்னத் தீவு. எதிராளி சசாகி கோஜிரோ, நீண்ட வாளுக்குப் பேர்போனவர். குறித்த நேரம் தாண்டி இரண்டு மணி நேரமாகியும் முசாஷியைக் காணோம். கரையில் நின்று நின்று கோஜிரோவுக்கு எரிச்சல் ஏறுகிறது. கடைசியில் முசாஷி வந்து இறங்குகிறார். கையில் இருப்பது படகுத் துடுப்பைச் செதுக்கிச் செய்த மரவாள். கோபத்தில் கோஜிரோ தன் வாளுறையை வீசி எறிகிறார். "வெல்லப்போகிறவன் உறையை எறிவானா? நீ தோற்றுவிட்டாய்" என்கிறார் முசாஷி. அப்புறம் ஒரே அடி.

எத்தனையோ பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் 13 வயது மாணவி ஒருத்தி கேட்டாள்: "மாஸ்டர், இதைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதி வைத்தது யார்?"

என்னிடம் பதில் இல்லை. தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். கதை பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. அவளிடம் இனி நான் பொய் சொல்லக் கூடாது.

கொகுரா வாசி

மாஸ்டர், உங்கள் மாணவியின் கேள்விக்கு நேரடியான பதில்: யாரும் இல்லை. அந்தத் தீவில் நின்று பார்த்த ஒருவர் எழுதியதாக ஒரு வரிகூட நம் கைக்கு வரவில்லை.

ஆறு ஆண்டுகளாகக் கிதாக்யூஷூ நகரத்தில் வேலை பார்க்கிறேன். அந்தத் தீவு எங்கள் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. எதிர்க்கரையில் ஷிமோனோசெகியின் கராதோ துறையில் டிக்கெட் வாங்கினால், பத்து நிமிடத்தில் படகு கொண்டுபோய் விட்டுவிடும். இருவரும் வாளோங்கி நிற்கும் சிலை அங்கே உண்டு. வந்த முதல் ஆண்டே போய்ப் பார்த்தேன். நீங்கள் சொல்லும் கதை அப்போது எனக்கும் மனப்பாடம். பிறகு மொழி கொஞ்சம் பிடிபட்டதும், எது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு அந்தச் சிலையை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

முதலில் முசாஷியே எழுதியதைப் பாருங்கள். 1643இல், அறுபது வயதில், குமாமோட்டோவுக்கு மேற்கே ரெய்கான்தோ என்னும் குகையில் அமர்ந்து 'கோரின் நோ ஷோ'வை எழுதத் தொடங்கினார். நிலம், நீர், தீ, காற்று, வெளி என்று ஐந்து சுருள்கள். நம் ஐம்பூதங்களை அறிந்தவர்களுக்கு அந்த வரிசை அந்நியமாகத் தெரியாது. தொடக்கத்திலேயே தன் வரலாற்றைச் சில வரிகளில் சொல்லிவிடுகிறார். பிறந்தது ஹரிமா நாட்டில். 13 வயதில் அரிமா கிஹே என்பவரை வென்றார். 16 வயதில் தஜிமா நாட்டைச் சேர்ந்த அகியாமா என்ற வலியவரை வென்றார். 21 வயதில் தலைநகருக்குப் போனார். 29 வயது வரை அறுபதுக்கும் மேற்பட்ட போட்டிகள், ஒன்றிலும் தோற்கவில்லை. அவ்வளவுதான். தீவு இல்லை. கோஜிரோ இல்லை. துடுப்பு இல்லை. 13 வயதில் வென்ற ஒருவரின் பெயரைச் சொல்லத் தோன்றியவருக்கு, உலகமே இன்று கொண்டாடும் அந்தச் சண்டையைக் குறிப்பிடத் தோன்றவில்லை.

1645இல் அவர் இறந்தார். ஒன்பது ஆண்டு கழித்து, 1654இல், தத்துப்பிள்ளை இயோரி கொகுராவின் தமுகே மலையில் ஒரு நினைவுக்கல் நட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீன எழுத்துகள். தீவுச் சண்டையை இன்று நாம் படிக்கக்கூடிய மிகப் பழைய எழுத்து இதுதான். அது சொல்வது என்ன? கன்ரியூ (கோஜிரோவைத்தான் கல் இப்படி அழைக்கிறது) என்னும் வாள்வல்லவர் ஒருவர் இருந்தார்; ஃபுனாஷிமா தீவில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து சந்தித்தார்கள்; கன்ரியூவின் கையில் மூன்று ஷாக்கு, அதாவது சுமார் 90 சென்டிமீட்டர் நீள வாள்; முசாஷி மரவாளால் அடித்துக் கொன்றார்; மின்னல்கூட அதைவிட மெதுவாகத் தெரியும்.

ஒரே நேரத்தில், மாஸ்டர்! அந்த வரியைப் படித்த அன்று கல்லுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன்.

அடுத்தது 1672இல் முடிக்கப்பட்ட நுமாதா குடும்பக் குறிப்பு. சண்டை நடந்த காலத்தில் அருகிலிருந்த மோஜி கோட்டையைக் காத்தவர் நுமாதா நோபுமோட்டோ. அவருடைய வழிவந்தவர்களின் பதிவு இது. இதைப் படித்தால் மனம் கனக்கும். சீடர்கள் யாரும் வரக் கூடாது என்பது பேச்சு. கோஜிரோ பேச்சைக் காப்பாற்றித் தனியாக வந்தார். முசாஷியின் சீடர்களோ முன்பே வந்து ஒளிந்திருந்தார்கள். அடிபட்டு விழுந்த கோஜிரோவுக்குச் சற்று நேரத்தில் உயிர்ப்பு வந்தது. ஒளிந்திருந்தவர்கள் பாய்ந்து வந்து அவரை அடித்தே கொன்றார்கள். செய்தி அறிந்து கோஜிரோவின் ஆட்கள் திரண்டு வர, முசாஷி மோஜி கோட்டையில் அடைக்கலம் புகுந்தார். நோபுமோட்டோ அவரைத் துப்பாக்கிக் காவலோடு புங்கோ நாட்டிலிருந்த முசாஷியின் தந்தை முனியிடம் அனுப்பி வைத்தார்.

நீங்கள் சொல்லும் தாமதம், துடுப்பு, எறிந்த உறை எல்லாம் கூடி நிற்பது 'நிதென்கி' என்னும் வாழ்க்கை வரலாற்றில். அது தொகுக்கப்பட்டது 1776இல். சண்டைக்கும் அதற்கும் இடையே 164 ஆண்டு. நாளும் நேரமும், முசாஷி படுக்கையை விட்டு எழுந்த விதம்கூட அதில் இருக்கிறது. நூறு ஆண்டு முந்தியவர்களுக்குத் தெரியாதது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதை மட்டும் மாணவியிடம் கேட்டுப் பாருங்கள். அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

மூங்கில் வாள்

நான் கெண்டோ, அதாவது ஜப்பானிய வாட்பயிற்சி, பழகுகிறவன். கொகுரா நண்பரின் பதிலை மதிக்கிறேன், ஆனால் தாமதத்தை இப்படித் தூக்கி எறிவதை ஏற்க முடியவில்லை. 'கோரின் நோ ஷோ'வின் தீச் சுருளைப் படித்துப் பாருங்கள். எதிரியின் மனத்தைக் குலைப்பது, அவன் எதிர்பாராத நேரத்தில் எதிர்பாராததைச் செய்வது, அச்சுறுத்துவது என்று முசாஷியே விரிவாக எழுதியிருக்கிறார். வேண்டுமென்றே தாமதமாக வருவது அவர் சொன்ன முறைக்கு அப்படியே பொருந்துகிறது. அவருடைய இயல்புக்குப் பொருந்தும் ஒரு செய்தியை, பிந்தி எழுதப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக விலக்கலாமா?

இன்னொன்று. யட்சுஷிரோவின் மட்சுயி குடும்பத்தில் முசாஷி கைப்படச் செய்ததாகச் சொல்லப்படும் மரவாள் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. சாதாரண மரவாளைவிட நன்றாக நீளமானது. நீண்ட வாளோடு வருபவனை அதைவிட நீண்ட மரத்தால் சந்திப்பது, கையில் வாள் பிடித்த எவனுக்கும் புரியும் கணக்கு. ஆகவே அந்தக் கதையில் மெய்யான கரு ஒன்று இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கொகுரா வாசி

நண்பரே, மரவாளை நான் மறுக்கவில்லை. கல்லிலேயே மரவாள் இருக்கிறது. துடுப்பைத்தான் கல் அறியாது.

தாமதத்தைப் பற்றி நீங்கள் சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன். 'நிதென்கி'யைத் தொகுத்தவர்கள் யார்? குமாமோட்டோவில் முசாஷியின் வாள்மரபைப் பயின்று வந்தவர்கள். தீச் சுருள் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். முசாஷி எப்படிச் சண்டையிட்டிருப்பார் என்று அவர்கள் யோசித்தால், அந்தச் சுருளில் உள்ளபடிதான் யோசிப்பார்கள். அப்படி உருவான கதை அந்தச் சுருளோடு பொருந்தாமல் வேறு எதனோடு பொருந்தும்? கதை நூலோடு ஒத்துப்போவதை நீங்கள் சாட்சி என்கிறீர்கள். எனக்கு அதுவே ஐயத்தைக் கூட்டுகிறது.

இத்தனைக்கும் 1654இல் 'ஒரே நேரத்தில்' என்று வெட்டியவர் அவருடைய பிள்ளை. தாமதம் ஒரு தந்திரமாகப் புகழப்பட்டிருந்தால் அதை மறைக்க அவருக்கு என்ன தேவை?

வரலாற்று ஆசிரியை

இருவரும் மன்னிக்க வேண்டும். பள்ளியில் இருபது ஆண்டு வரலாறு நடத்தியவள் என்ற உரிமையில் குறுக்கிடுகிறேன். முந்தி எழுதப்பட்டது மெய், பிந்தியது பொய் என்று அந்தச் சிறுமி நினைத்துவிடக் கூடாது.

இயோரியைப் பற்றிய கேள்விக்கு வருவோம். மறைக்கத் தேவை இருந்தது, ஐயா! அவர் சாதாரணப் பிள்ளை அல்லர். கொகுராவை ஆண்ட ஒகாசவாரா குடும்பத்தின் மூத்த அமைச்சர். தன் தலைவரின் ஊரில், எல்லோரும் பார்க்கும் மலையில், வளர்த்த தந்தைக்குக் கல் நடுகிறார். ஒளிந்திருந்த சீடர்களைப் பற்றி அவர் எழுதுவாரா? 'ஒரே நேரத்தில்' என்பது நேர்மையான சண்டை என்று காட்டுவதற்கான சொல்லாகவும் இருக்கலாம். நுமாதா குடும்பமும் சும்மா எழுதவில்லை. பேர்பெற்ற ஒருவரை எங்கள் முன்னோர் காப்பாற்றி அனுப்பினார் என்பது அவர்களுக்குப் பெருமை. அடைக்கலம் எவ்வளவு ஆபத்தானதோ அவ்வளவு பெருமை. முசாஷியின் அறுபது வெற்றிகள் என்ற கணக்குக்கும் அவர் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இந்தப் பாடத்துக்கு யோஷியோகா விவகாரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கியோட்டோவில் பேர்போன வாள்குடும்பம் யோஷியோகா. முசாஷி அவர்களில் மூவரை ஒருவர் பின் ஒருவராக வீழ்த்தினார், கடைசிச் சண்டையில் பெருங்கூட்டத்தையே ஓட்டினார் என்கிறது இயோரியின் கல். 1684இல் யோஷியோகா தரப்பைச் சொல்லும் நூல் ஒன்று வந்தது. முசாஷி வென்றார் என்பதையே அது ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே நிகழ்ச்சி, இரண்டு குடும்பம், இரண்டு முடிவு.

என் மாணவர்களிடம் நான் கேட்கச் சொல்வது மூன்று: எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், இதை எழுதாமல் விட்டிருந்தால் அவருக்கு நட்டமா லாபமா. எழுதினால் தனக்குப் பெருமை குறையும் என்று தெரிந்தும் ஒருவர் எழுதியதைத்தான் நான் முதலில் நம்புவேன். முசாஷி விஷயத்தில் அப்படி ஏதாவது கிடைக்குமா என்று கொகுரா நண்பர்தான் சொல்ல வேண்டும்.

கொகுரா வாசி

கிடைக்கும் அம்மா. இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. முசாஷியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தியே அதுதான்.

1637இல் ஷிமபாரா பகுதி உழவர்களும் கிறிஸ்தவர்களும் கிளர்ந்தெழுந்து ஹரா கோட்டையில் புகுந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கோட்டை வீழ்ந்தது. முற்றுகைப் படையில் முசாஷியும் இருந்தார், வயது ஐம்பத்தைந்தை ஒட்டி. அப்போது அரிமா நவோசுமி என்னும் பிரபுவுக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதில் தன்னைப் பற்றிச் சொல்கிறார்: கல் பட்டுக் கால் முன்னெலும்பில் அடி, நிற்க முடியவில்லை. கோட்டை மேலிருந்து யாரோ பெயரற்ற ஒருவர் வீசிய கல். அறுபது வாள்வீரரால் தொட முடியாதவரை அது சாய்த்துவிட்டது, அவரே அதை மறைக்காமல் எழுதுகிறார். கவிதையாக, பெருமையாக எதுவும் இல்லை. அந்த ஒரு வரியில் அவரைத் தொட்டுவிடலாம் போல எனக்கு இருக்கும்.

அந்தக் கடிதம் போன்ற காகிதங்களைக் கொண்டு பார்த்தால், திரையிலும் தொடர்களிலும் வரும் தனிமையான நாடோடி மெல்ல மறைந்துபோகிறார். 1600இல் செகிகஹாரா போரில் தோற்ற மேற்குப் படையில் சண்டையிட்டுப் பிணங்களுக்கு நடுவே எழுந்தவர் என்றுதானே படித்திருக்கிறோம்? ஆனால் தந்தை முனியின் பெயர் குரோதா குடும்பத்தின் பணியாளர் பட்டியலில் இருக்கிறது. குரோதாக்கள் கிழக்குப் பக்கம். அந்த ஆண்டு அவர்கள் இங்கே க்யூஷூவிலும் போரிட்டார்கள். மகனும் தந்தையோடு வென்ற பக்கத்தில் இருந்திருப்பார் என்பதே இன்று வலுவான கருத்து. 1615 ஒசாகா போரிலும் அவர் பெயர் மிசுனோ கட்சுனாரியின் படைப்பட்டியலில், வென்ற டோகுகாவா பக்கத்தில் இருக்கிறது. அவருக்கு ஹிமேஜியில் இன்னொரு தத்துப்பிள்ளையும் உண்டு, மிகினோசுகே. தலைவர் ஹோண்டா தடதோக்கி 1626இல் இறந்தபோது அவரோடு தானும் உயிர்விட்டார். பெரிய குடும்பங்களோடு உறவும் பொறுப்பும் இழப்பும் உள்ள ஒரு மனிதராகத்தான் காகிதங்களில் முசாஷி தெரிகிறார்.

அவர் பின்னால் காத்திருக்கும் காதலி ஒட்சூ? 1935 முதல் 1939 வரை ஜப்பானிய நாளிதழில் வந்த தொடர்கதையின் கற்பனை. நாம் அறிந்த முசாஷியில் பாதிக்கு மேல் அந்தத் தொடர்கதையிலிருந்துதான் வந்தது.

பிறந்த ஊருக்கும் இதே நிலைதான். ஹரிமா என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் பக்கத்து மிமசாகாவில் அவர் பெயரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சோறு போட்டு உட்காரவைத்து மறுப்பார்கள்.

மூங்கில் வாள் நண்பருக்கு ஒன்று: துடுப்பை இழந்தால் முசாஷியே போய்விடுவார் என்று அஞ்ச வேண்டாம். இறப்பதற்குச் சில நாள் முன் அவர் எழுதியதாக வழங்கும் இருபத்தொரு வரிகள், 'தொக்கோதோ', இருக்கின்றன. புத்தரையும் தெய்வங்களையும் மதி, அவர்களை நம்பிக் காத்திராதே என்பது அதில் ஒன்று. ஓவியம் இருக்கிறது. வாடிய மெல்லிய கிளை ஒன்றின் உச்சியில் ஒரு கீச்சான் குருவி உட்கார்ந்திருக்கும். ஒரே வீச்சில் எழும்பும் அந்தக் கிளையின் பாதியில் ஒரு புழு ஊர்ந்துகொண்டிருக்கும். ஒசாகா பக்கம் இசுமி நகர அருங்காட்சியகத்துக்கு உரியது. அந்தத் தூரிகைக் கோட்டைப் பார்த்த பிறகு எனக்குத் துடுப்பு தேவைப்படவில்லை.

மூங்கில் வாள்

கல்லடிக் கடிதம் எனக்குத் தெரியாது. நன்றி. தாமதத்தைப் பற்றி என் மனம் இன்னும் முழுதாக மாறவில்லை. ஆனால் தீச் சுருளைச் சாட்சியாகக் காட்டியது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

மதுரை மாஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை நான் சொன்னது 164 ஆண்டு பிந்திய கதை, அதை நடந்தது போலச் சொன்னது என் தவறு என்றும் சொன்னேன். கல்லில் உள்ளது, நுமாதா குறிப்பில் உள்ளது, இரண்டையும் சொன்னேன். ஒளிந்திருந்த சீடர்கள் என்றதும் பெரிய பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது.

அந்த மாணவி மட்டும் வேறு கேட்டாள். "மாஸ்டர், எல்லாமே முசாஷியைப் பற்றியே இருக்கிறது. செத்துப்போன அந்த இன்னொருத்தர் யார்?"

மறுபடியும் நான் வாயடைத்து நின்றேன்.

கொகுரா வாசி

இந்தப் பெண்ணை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், மாஸ்டர்.

அவரைப் பற்றி நம்மிடம் இருப்பது ஒரு கைப்பிடிகூட இல்லை. கல்லில் கன்ரியூ என்று மட்டும் இருக்கிறது. அது அவருடைய வாள்மரபின் பெயராகவும் வழங்கியது. கோஜிரோ என்று எழுதியது நுமாதா குறிப்பு. சசாகி என்ற குடும்பப் பெயர் பதினெட்டாம் நூற்றாண்டு நாடக மேடையோடு வந்து ஒட்டிக்கொண்டது. 'நிதென்கி' அவருக்கு 18 வயது என்கிறது. அதே நூல் அவரை இணைக்கும் ஆசிரியரின் காலத்தோடு அந்த வயது சேரவில்லை. முதியவராகவே இருந்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. எந்த ஊர், யார் பிள்ளை, யாருக்குத் தந்தை, எதுவும் உறுதியில்லை. நம் கையில் இருக்கும் எழுத்தெல்லாம் அவரைக் கொன்றவரின் உறவும் சீடரும் காத்தவரும் எழுதியவை. அவர் பக்கத்திலிருந்து ஒரு குரலும் வந்து சேரவில்லை.

ஒன்று மட்டும் அவளுக்குச் சொல்லுங்கள். அந்தத் தீவின் பழைய பெயர் ஃபுனாஷிமா. சண்டைக்குப் பிறகு மக்கள் அதைக் கன்ரியூ தீவு என்று அழைக்கத் தொடங்கினார்கள் என்று முசாஷிக்காக நட்ட அந்தக் கல்லே சொல்கிறது. வென்றவரின் பெயரை அந்தத் தீவுக்கு யாரும் வைக்கவில்லை. இன்றும் படகு டிக்கெட்டில் இருப்பது தோற்றவரின் பெயர்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தமுகே மலைக்குப் போகிறேன். கல்லில் அந்தப் பெயர் இரண்டு எழுத்தில் இருக்கிறது. வெளிச்சம் நன்றாக விழும் காலை நேரத்தில் அருகிலிருந்து படம் எடுத்து இங்கே இடுகிறேன். அவளிடம் காட்டுங்கள்.